கேஸ் தீர்வதில்லை

கார் ஏசியில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. பெட்ரோல் எரிகிறது, போடுகிறோம். எஞ்சின் ஆயில் கெடுகிறது, மாற்றுகிறோம். பிரேக் பேட் தேய்கிறது, புதிதாக வாங்குகிறோம். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, கெடுவதும் இல்லை, தேய்வதும் இல்லை. கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, கண்டென்ஸரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வில் சீறி விரிந்து, கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகி, திரும்பக் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. எத்தனை வருடம் ஓடினாலும் அதே கேஸ்தான் அந்தக் குழாய்களுக்குள் சுற்ற வேண்டும். குறைந்திருக்கிறது என்றால், எங்கோ வழி கிடைத்து வெளியே போயிருக்கிறது.

நம் ஊரில் நிலவும் நம்பிக்கை இதற்கு நேர்மாறு. பங்குனி பிறந்தால் போதும், "வெயில் வருது சார், ஏசிக்கு கேஸ் அடிச்சிடலாமா?" என்று சர்வீஸுக்கு விடும் இடத்திலேயே கேட்கிறார்கள். கார் வைத்திருப்பவர்களும் அதை வருடாந்திரச் செலவாகவே கணக்கில் எழுதிவிட்டார்கள். இந்த நம்பிக்கையின் தோளில் இப்போது இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. வருடா வருடம் அடிக்க வேண்டியதுதான் என்றால் மெக்கானிக்கிடம் ஏன் போக வேண்டும்? ஆன்லைனில் 450 கிராம் டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு முனையில் டப்பாவைத் துளைக்கும் திருகும் மறுமுனையில் கப்ளரும் நடுவில் வண்ணம் பூசிய கேஜும் வைத்த ஹோஸும் கிடைக்கிறது. முள் பச்சைக்கு வரும்வரை கேஸை விடு, பத்து நிமிட வேலை, காசு மிச்சம் என்று வீடியோக்கள் சொல்லிக்கொடுக்கின்றன.

முதல் நம்பிக்கை தவறு. அதிலிருந்து பிறந்த இரண்டாவது, காரையும் கெடுத்துக் காற்றையும் கெடுக்கும் தவறு. காசும் மிச்சமாவதில்லை.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு யாராவது வருடா வருடம் கேஸ் அடிக்கிறோமா? பதினைந்து வருடம் ஓடிய ஃபிரிட்ஜிலும் தொழிற்சாலையில் போட்ட கேஸ்தான் இருக்கிறது. கார் ஏசி ஃபிரிட்ஜ் போல முழுக்கப் பற்றவைத்து மூடியது இல்லையே என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. காரில் கம்ப்ரஸரை எஞ்சினின் பெல்ட் சுற்றுகிறது. சுற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. எஞ்சின் ஆடும், பாடி தனியாக ஆடும் என்பதால் நடுவில் ரப்பர் ஹோஸ்கள் இருக்கின்றன. இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங். இவற்றின் வழியே மிக மெல்லிய கசிவு இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த விதி, நாம் பயன்படுத்தும் ஆர்-134ஏ போன்ற கேஸ் நிரப்பிய கார் மாடலுக்கு ஒப்புதல் தர வேண்டுமென்றால் வருடத்துக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்றது. பின்னால் தனிக் கூலிங் காயில் வைத்த பெரிய வண்டிகளுக்கு 60 கிராம். உச்ச வரம்பான அந்த 40 கிராமே கசிகிறது என்று வைத்துக்கொண்டாலும், 450 கிராம் கொள்ளும் காரில் நூறு கிராம் குறைய இரண்டரை வருடம் பிடிக்கும். ஆக, ஒவ்வொரு பங்குனிக்கும் கேஸ் கேட்கும் கார், சாதாரணமாகக் கசியும் கார் கிடையாது. அதில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் மேலே கேஸ் ஊற்றுகிறவர், அடுத்த பங்குனிக்கான பில்லை இன்றைக்கே போட்டுவிடுகிறார்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது மந்திர வேலை என்றொரு நினைப்பும் இருக்கிறது. கண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேஸ் தனியாகச் சுற்றுவதில்லை, கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலும் அதோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் கசியும். ஆயில் பட்ட இடத்தில் தூசி ஒட்டும். பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, அலுமினியக் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் நட்டுகளைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த செம்மண் தூசி படிந்திருக்க, ஒரே ஒரு இணைப்பைச் சுற்றி மட்டும் கருப்பாக, விரலில் பிசுபிசுக்கும் ஈரம் இருக்கும். அங்கே சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால், நுரை அடங்கிய பிறகும் ஒரு குமிழி மட்டும் மெதுவாக ஊதிப் பெரிதாகி, உடைந்து, அதே இடத்தில் மறுபடி கிளம்பும். சில ரூபாய் பெறும் ஓ-ரிங்தான் பல நேரம் அதற்குக் காரணம்.

கேஸ் ஏற்றும் வாயிலுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி உண்டு. போன முறை அடித்தவர் அதைத் திருப்பி மாட்டாமல் போயிருப்பார். உள்ளே இருக்கும் வால்வு ஊசியில் மண் ஏறி, அது முழுதாக உட்காராமல் கசியும். கேஸ் அடித்த செயலே அடுத்த கசிவுக்குக் காரணமாவது இப்படித்தான். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரப் பகுதிகளில் ஓடும் கார்களில் கண்டென்ஸரின் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொடிந்திருக்கும். நெடுஞ்சாலையில் லாரியின் பின்னால் போகிற காருக்குக் கண்டென்ஸரில் கல்லடி. கண்ணுக்கு எட்டாதது கூலிங் காயில் மட்டும்தான், அது டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதற்கும் கசிவு உணரும் கருவி இருக்கிறது, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் இருக்கிறது, நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் பழைய வழியும் இருக்கிறது.

இனி அந்தக் கேஜ். வீட்டு வைத்தியத்தின் மொத்த நம்பிக்கையும் அந்த ஒரு முள்ளின் மேல்தான் நிற்கிறது. அந்த முள் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்.

எஞ்சின் ஓடாமல் நிற்கும் காரை எடுத்துக்கொள்வோம். குழாய்க்குள் கேஸில் ஒரு பகுதி திரவமாகவும் மீதி ஆவியாகவும் இருக்கிறது. அப்படி இருக்கும்வரை உள்ளே இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டும்தான். ஆர்-134ஏ என்றால் 25 டிகிரியில் ஏறக்குறைய 82 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. உள்ளே 450 கிராம் இருந்தாலும் சரி, 250 கிராம் இருந்தாலும் சரி, முள் அதே இடத்தில்தான் நிற்கும். காலையில் நிழலில் ஒரு அளவு, மத்தியானம் வெயிலில் இன்னொரு அளவு காட்டும், நடுவில் ஒரு கிராம்கூடக் கூடியும் குறைந்தும் இருக்காது.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. டப்பாவோடு வரும் கேஜ் குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும் மாட்டுவது. அந்தப் பக்கத்து அழுத்தம் வெளி வெயிலைப் பொறுத்து மாறும், புளோயர் வேகத்தைப் பொறுத்து மாறும், எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து மாறும். கேஸ் குறைந்தால் முள் இறங்கும், சரி. எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்தாலும் இறங்கும். கூலிங் காயிலுக்குக் காற்று போகாவிட்டாலும் இறங்கும். கேஸ் அதிகமானால் முள் ஏறும். கண்டென்ஸர் ஃபேன் நின்றுபோனாலும் ஏறும், கம்ப்ரஸர் தேய்ந்து இழுவை குறைந்தாலும் ஏறும், குழாய்க்குள் காற்று புகுந்திருந்தாலும் ஏறும். ஒரே முள், ஏழு காரணம். மெக்கானிக் இரண்டு கேஜ் மாட்டுவது இதனால்தான். உயர் அழுத்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் காரணம் என்று பிரிக்க முடியும். இப்போது வரும் கார்கள் பலவற்றில் கம்ப்ரஸர் தன் இழுவையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. குறைந்த அழுத்தப் பக்கத்தை ஒரே நிலையில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலையே. அப்படிப்பட்ட காரில் அந்தப் பக்கத்து முள்ளைப் பார்த்துக் கேஸ் விடுவதற்கு அர்த்தமே இல்லை.

கோவையில் எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி, மென்பொருள் வேலை, கைவேலையில் ஆர்வம் உள்ளவன். கூலிங் பத்தவில்லை என்று டப்பா வாங்கி அடித்துவிட்டு வந்து நின்றான்.

"அண்ணா, முள்ளு நீலத்துல கிடந்துச்சு. பச்சைக்குக் கொண்டு வந்துட்டேன். ஆனா கூலிங் முன்னைவிட மோசம். சிக்னல்ல நின்னா கம்ப்ரஸரே கட் ஆயிடுது."

"உள்ள எவ்வளவு கிராம் போச்சு?"

"பாதி டப்பா இருக்கும்."

"போடறதுக்கு முன்னாடி உள்ள எவ்வளவு இருந்துச்சு?"

"அது எப்படிங்ணா தெரியும்?"

வீட்டில் கேஸ் அடிக்கும் முறையின் மேல் வைக்க வேண்டிய கேள்வி இதுதான், அதைக் கேட்டது அவனேதான். கையுறைப் பெட்டியைக் கழற்றி கேபின் ஃபில்டரை இழுத்தோம். வேப்பிலையும் முடியும் தூசியும் சேர்ந்து கெட்டியாக அடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் ஒளி வரவில்லை. காயிலுக்குக் காற்றே போகவில்லை, அதனால் முள் நீலத்துக்கு இறங்கியிருந்தது. கேஸ் முழுதாக இருந்த காருக்குள் அவன் மேலும் கேஸை ஏற்றியிருக்கிறான். பிறகு ஒரு கடையில் கேஸை முழுக்க மெஷினில் வெளியே எடுத்து எடை போட்டபோது 600 கிராமைத் தாண்டியது. அந்தக் காரின் பானெட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவு 430.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் பானெட்டின் உட்பக்கமோ முன்பக்கக் குறுக்குச் சட்டத்திலோ அது ஒட்டியிருக்கும். எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில் என்று அதில் இருக்கும். எத்தனை பிஎஸ்ஐ வரை அடிக்க வேண்டும் என்று இருக்காது. அந்த ஏசியை வடிவமைத்தவர்கள் அளவைக் கிராமில்தான் சொல்லியிருக்கிறார்கள். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 350-லிருந்து 550 கிராமுக்குள் இருக்கும். ஐம்பது, அறுபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு இறுக்கமான கணக்கு. பழைய காலத்து ஏசிகள் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் கொண்டவை, கையளவு மாறினால் பொறுத்துக்கொண்டன. இன்றைய மெல்லிய கண்டென்ஸர்களிடம் அந்தப் பொறுமை இல்லை.

"கொஞ்சம் கூடப் போனால் என்ன, இன்னும் ஜில்லென்று இருக்குமே" என்பது அடுத்த நம்பிக்கை. கூடினால் குளிர்ச்சி குறையும். மிஞ்சிய கேஸ் திரவமாகக் கண்டென்ஸரின் அடிப்பகுதியில் தேங்கும். அத்தனை இடமும் சூட்டை இறக்கும் வேலையிலிருந்து விலகிவிடும். உயர் அழுத்தப் பக்கம் இன்னும் ஏறும், கம்ப்ரஸர் இன்னும் முக்கும், மைலேஜ் இறங்கும், கடைசியில் அழுத்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சிக்னலில் அந்தத் தம்பியின் காரில் நடந்தது அதுதான். திரவமே கம்ப்ரஸருக்குள் திரும்பி வந்தால் அது இன்னும் மோசம். ஆவியை அழுத்தத்தான் கம்ப்ரஸர் செய்யப்பட்டிருக்கிறது. திரவம் அழுந்தாது, உள்ளே இருப்பது உடையும். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சீக்கிரம் இறங்கும் என்று சொல்லித்தரும் வீடியோ செய்யச் சொல்வது இதைத்தான். டப்பாவை வெந்நீரில் வைத்தால் வேகமாக இறங்கும் என்று சொல்பவர், அழுத்தம் அடைத்த பாத்திரத்தைச் சூடாக்கச் சொல்கிறார். கை நழுவி ஹோஸ் கழன்றால், காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் கண்ணில் தெறிக்கும்.

கேஸ் மட்டுமா உள்ளே போகிறது? ஹோஸுக்குள் இருக்கும் காற்றும் போகிறது. அந்தக் காற்று கண்டென்ஸரில் திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். காற்றோடு வரும் ஈரப்பதம் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வாயில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஆயிலோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். ஏசிக்குள் புழங்கும் பிஏஜி ஆயில் வேறு ஈரத்தைத் தேடி உறிஞ்சும் வகை. கடையில் கேஸ் ஏற்றுவதற்கு முன் வேக்யூம் போடுவது இந்த ஈரத்துக்காகத்தான். காற்றழுத்தத்தில் 25-இல் ஒரு பங்குக்கு இறக்கினால் 30 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் அதை இழுத்து வெளியேற்றும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். முள் அசையாமல் நின்றால் குழாய் இறுக்கமாக இருக்கிறது, ஏறினால் கசிகிறது. ஒரே வேலையில் ஈரமும் போகிறது, பெரிய கசிவும் அகப்பட்டுவிடுகிறது. டப்பா வாங்கி அடிப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றும் கிடைப்பதில்லை.

கசிவை அடைக்கும் மருந்து கலந்த டப்பாக்களும் விற்கின்றன. ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்கும் அறிவு அந்தத் திரவத்துக்கு இல்லை. எக்ஸ்பான்ஷன் வால்வும் அதற்குக் குறுகிய வாய்தான். பிற்பாடு அந்தக் காரின் கேஸை வெளியே எடுக்கும் கடைக்காரருடைய மெஷினையும் அது அடைக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் அப்படிப்பட்ட காரைத் தொட மறுத்தால், அவர் மேல் தவறில்லை. ஆயில் கலந்த டப்பா இன்னொரு தொல்லை. எவ்வளவு ஆயில் வெளியே போனது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சிய ஆயில் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து குளிர்ச்சியைத் தடுக்கும். மின்சாரக் கார், ஹைபிரிட் என்றால் நிலைமையே வேறு. அங்கே கம்ப்ரஸரை உயர் மின்னழுத்த மோட்டார் சுற்றுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத தனி ஆயில்தான் அதற்குள் இருக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும். பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான். அங்கே டப்பா அடிக்கும் யோசனையே வரக் கூடாது.

டப்பாவுக்குள் இருப்பது ஆர்-134ஏ தானா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்களின் இயந்திரங்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றப்பட்ட கேஸில் மலிவான மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதுமே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியது. கார் ஏசியின் கண்டென்ஸரும் குழாய்களும் அலுமினியம்தான். அடையாளம் காணும் கருவி வைத்திருக்கும் பெரிய கடைகள் சிலிண்டரைச் சோதித்துப் பார்க்கின்றன. வீட்டு வாசலில் நிற்பவருக்கு டப்பாவின் மேல் ஒட்டிய காகிதம்தான் ஆதாரம்.

இதுவரை சொன்னதெல்லாம் காருக்கு வரும் கேடு. காருக்கு வெளியே வருவது அதைவிடப் பெரியது. ஆர்-134ஏ ஓசோனைத் தின்பதில்லை, அதனால்தான் தொண்ணூறுகளில் ஆர்-12-ஐ விலக்கி இதைக் கொண்டுவந்தார்கள். பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. 450 கிராம் டப்பா ஒன்று காற்றில் கலந்தால் ஏறக்குறைய 640 கிலோ கரியமில வாயுவைத் திறந்துவிட்ட கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. அப்படியானால் ஒரு டப்பா 280 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பலாம். ஓட்டையுள்ள காரில் வருடம் ஒரு டப்பா ஊற்றுகிறவர், அந்தப் பயணத்தின் புகை முழுவதையும் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே விடுகிறார். துளைத்து மாட்டும் டப்பாவை மறுபடி மூட வழியில்லை என்பதால், பாதி மிஞ்சினால் அந்தப் பாதியும் ஹோஸைக் கழற்றியதும் காற்றுக்குத்தான். இந்த வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத்தை 2021-இல் இந்தியா ஏற்றிருக்கிறது. 2028-இல் உச்சத்தை நிறுத்தி 2032-லிருந்து படிப்படியாகக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தேசம் அங்கே கையெழுத்துப் போட, நாம் இங்கே ஓட்டைக் குழாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

"அமெரிக்காவில் எல்லோரும் வீட்டிலேயே அடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா?" என்று கேட்கிறார்கள். அங்கே சிறு டப்பா விற்பது உண்மை. 2018 ஜனவரி முதல் அந்த டப்பாக்களில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்ததும் உண்மை. கலிபோர்னியாவில் 2010-லிருந்தே டப்பா வாங்கும்போது 10 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும், டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். காசு வாங்கிக்கொண்டு பிறர் காரின் ஏசியைத் தொடுபவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஐரோப்பாவில் திரும்ப நிரப்ப முடியாத டப்பாக்களில் இந்தக் கேஸை விற்பதையே 2007-இல் நிறுத்திவிட்டார்கள். டப்பாவோடு வாழ்ந்து பார்த்த நாடுகள் அதைக் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கும்போது, அதையே நாம் புதுக் கண்டுபிடிப்பாகத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. மெக்கானிக் மட்டும் எடை போட்டா அடிக்கிறார்? அவரும் பெரிய சிலிண்டரைத் திறந்து, குழாயைத் தொட்டுப் பார்த்து, "போதும்" என்கிறார். அதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும்? இந்தக் கோபத்தில் நானும் சேர்கிறேன். சர்வீஸ் பில்லில் "ஏசி கேஸ் டாப்-அப்" என்று ஒற்றை வரி, பக்கத்தில் ஒரு தொகை. எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள், எங்கே கசிந்தது, ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட பில்லை என்னிடமும் நீட்டியிருக்கிறார்கள். அது வேலையே இல்லை, வெறும் விற்பனை. ஆனால் கடைக்காரர் எடை போடாமல் அடிப்பது தவறு என்றால், நாம் எடை போடாமல் அடிப்பதும் தவறுதான். கடைக்காரரிடமாவது இரண்டாவது கேஜ் இருக்கிறது. கோபத்தைச் செலுத்த வேண்டிய இடம் அந்தப் பில். எடை எழுதாத பில்லுக்குக் காசு கொடுக்க மறுக்கலாம், அந்த உரிமை நமக்கு உண்டு. இதற்கு லட்சக்கணக்கில் மெஷின் வேண்டும் என்பதும் இல்லை. உள்ளிருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் இழுத்துப் பிடிக்கும் கருவி, ஒரு வேக்யூம் பம்ப், இரண்டு கேஜ், கிராம் காட்டும் தராசு. இவை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்யும் மெக்கானிக்குகள் சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போனால்தான் மற்றவர்களும் தராசு வாங்குவார்கள்.

தன் கையால் தன் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏசி விஷயத்தில் அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, டப்பா ஒன்றைத் தவிர. கேபின் ஃபில்டரை மாற்றலாம். கண்டென்ஸர் மடிப்புகளில் அடைத்த பூச்சியையும் மண்ணையும் சாதாரண ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவலாம். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுபோனால் மடிப்புகள் வளைந்துவிடும். ஏசியைப் போட்டதும் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்கலாம். ஓடினால் ஜில்லென்று இருந்து நின்றால் சூடாகும் கார்களில், முதல் சந்தேகம் அந்த ஃபேன் மேலும் அதன் ரிலே மேலும்தான் விழ வேண்டும். நடு வென்ட்டில் சாதாரணத் தெர்மாமீட்டரைச் செருகி, காற்றை உள்ளேயே சுழலவிட்டு, வெளி வெப்பநிலையோடு சேர்த்துத் தேதி போட்டுக் குறித்து வைக்கலாம். அடுத்த மாதம் அதே மாதிரி எடுத்த அளவோடு ஒப்பிட்டால் குளிர்ச்சி உண்மையிலேயே இறங்குகிறதா, வெயில்தான் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன பிசுபிசுப்பையும் தேடலாம். கசியும் இடத்தைக் கையால் காட்டும் வாடிக்கையாளரிடம் "டாப்-அப் பண்ணிடலாம்" என்று எந்தக் கடையிலும் சுலபமாகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் என் வாதம் கஷ்டப்படுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய டாக்ஸி, கூலிங் காயிலில் மெல்லிய கசிவு. காயிலை மாற்ற டாஷ்போர்டையே இறக்க வேண்டும், பாகமும் கூலியும் சேர்த்தால் பல நாள் வாடகை போய்விடும். கோடையில் ஏசி இல்லாமல் சவாரி கிடைக்காது. அந்த ஓட்டுநரிடம் போய் "ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கும் டப்பா உதவாது என்பதை மட்டும் சொல்வேன். "அண்ணே, எடை போட்டு ஏத்தறவர்கிட்டப் போங்க. பழைய கேஸை வெளிய எடுக்கச் சொல்லி எத்தனை கிராம் மிஞ்சியிருந்துச்சுன்னு கேளுங்க. ஏத்தின கிராமையும் தேதியையும் ஆர்.சி. கவருக்குள்ள எழுதி வைங்க. அடுத்த தடவை போறப்ப மறுபடி எடை போடச் சொல்லுங்க." ஆறு மாதத்தில் அறுபது கிராம் போயிருந்தால் இந்தக் கோடையை ஓட்டிவிட்டு ஐப்பசி மழையில் காயிலை மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் இருநூறு போயிருந்தால், கேஸோடு ஆயிலும் போய்க்கொண்டிருக்கிறது. கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துவிட்டால், அதன் உலோகத் தூள் கண்டென்ஸர்வரை பரவி இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். அப்போது அந்தக் காயில் செலவுதான் மலிவு.